பூனை எந்தப் பையிலிருந்து வந்தது?
ஆங்கில மரபுத்தொடர்களை விளையாட்டாகக் கற்பித்தல்

ஆங்கிலம் படிக்கும் பிள்ளை சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியில் பொருள் பார்த்து எழுதிவிட்டு, வசனம் முழுவதையும் வாசித்ததும் ஒன்றும் விளங்காமல் விழிப்பதை வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். 'ஹி லெற் த கற் அவுட் ஒவ் த பாக்' என்று பாடத்தில் வருகிறது. 'அவன் பூனையைப் பையிலிருந்து வெளியே விட்டான்' என்று பிள்ளை எழுதுகிறது. சொற்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வசனத்தில் பூனையும் இல்லை, பையும் இல்லை. இரகசியத்தை வெளியே விட்டுவிட்டான் என்பதே அதன் பொருள். இவ்வாறு சொற்களின் நேர்ப்பொருளை விட்டு வேறொரு பொருளை உணர்த்தி, அப்படியே வழங்கிவரும் தொடர்களையே மரபுத்தொடர்கள் என்கிறோம்.

ஊர் விட்டு ஊர் பெயர்ந்து, இரண்டு மூன்று பாடசாலைகள் மாறிய பிள்ளைகளுக்கு இது பெரிய தடையாக இருக்கிறது. கணிதத்தில் விடுபட்ட பாடத்தை ஒருவாறு பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் விடுபட்டதைப் பிடிக்க ஆசிரியரும் இல்லை, வீட்டில் கேட்க ஆளும் இல்லை. 1987 இல் அரசியலமைப்பில் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்று கூறுகிறது. வங்கியிலும் வைத்தியசாலையிலும் உதவி நிறுவனங்களின் அலுவலகங்களிலும் அந்த இணைப்பு இல்லாதவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதாகிறது. 'எங்களுக்கு இங்கிலீசு தெரியாது, நாங்கள் என்ன செய்யிறது?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். மரபுத்தொடர்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு நல்ல பதில் ஒன்று உண்டு. இந்தப் பாடத்தின் பாதி, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத அம்மம்மாவிடமும் அப்புவிடமுமே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'எனக்குத் தலையிடிக்கிறது', 'பஸ் எத்தனை மணிக்கு வரும்?' என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மரபுத்தொடர் தேவையில்லை. சில ரியூசன் வகுப்புகளில் நூறு தொடர்களை அச்சடித்துக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறார்கள். அது மழைக்கு முன் விதைத்த நெல்லைக் குருவிக்குக் கொடுப்பது போன்றது. எளிய வசனங்கள் பேச வந்த பின்னர், எட்டாம் ஒன்பதாம் வகுப்பளவில், கிழமைக்கு மூன்று தொடர் போதும்.

தொடங்க வேண்டிய இடம் தமிழ். 'அவன் கம்பி நீட்டிவிட்டான்' என்று கரும்பலகையில் எழுதி, கம்பி எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். 'எனக்குக் காது குத்தாதே' என்றால் தோடு போடுவதா? 'அவன் மண்டையைப் போட்டான்' என்றால் மண்டையை எங்கே போட்டான்? தம் வாயில் நாள்தோறும் புழங்கும் பேச்சிலேயே இத்தகைய புதிர்கள் இருப்பதைக் கண்டதும் ஆங்கிலத்தின் மீதுள்ள பயம் பாதி போய்விடும். வெள்ளைக்காரரும் நம்மைப் போலத்தான் கதைக்கிறார்கள் என்பது விளங்கும்.

இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எமது மண்ணுக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய, ஆறுமுக நாவலரோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874 இல் வெளியிட்டார். அதற்கு வேண்டியது அடுப்படியிலும் வயலிலும் பேசப்படும் பேச்சுக்குக் காதுகொடுப்பதுதான்.

பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சில தொடர்கள் இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கும். முதலைக் கண்ணீர் அங்கும் முதலைக் கண்ணீர்தான். மூக்கை நுழைப்பது அங்கும் மூக்கைத்தான். எரிகிற நெருப்பில் நாம் எண்ணெய் வார்க்கிறோம், அவர்கள் எரிபொருள் சேர்க்கிறார்கள். 'அப்பிள் ஒவ் மை ஐ' என்பதற்கு நாம் கண்மணி என்கிறோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இணைச்சட்டம் 32:10 இல் வரும் இந்தத் தொடருக்கு எபிரேய மூலத்தில் 'கண்ணிலுள்ள சிறு மனிதன்' என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. இலத்தீன் மொழியில் கண்மணியைக் குறிக்கும் சொல்லுக்குச் சிறு பொம்மை என்று பொருள். நாமும் 'கண்ணிற் பாவை' என்கிறோமே, பாவை என்றாலும் பொம்மைதான். ஒருவரது கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் சிறிதாய்த் தெரிவதை எல்லா நாட்டாரும் கண்டிருக்கிறார்கள்.

வேறு சிலவற்றில் கருத்து ஒன்று, படம் வேறு. நாம் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுத்துகிறோம். ஆங்கிலேயர் ஒரு கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார்கள். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பதென்றால், அவர்கள் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன நியூகாசில் நகருக்கே நிலக்கரி சுமந்து செல்வார்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியவை படம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ளவை. தமிழில் ஒருவன் இன்னொருவனது காலை வாரினால் அது துரோகம். ஆங்கிலத்தில் 'புலிங் மை லெக்' என்றால் பகிடி விடுவது மட்டுமே. பெரிய தலை என்றால் நம் ஊரில் செல்வாக்குள்ள மனிதர். ஆங்கிலத்தில் 'பிக் ஹெட்' என்றால் தலைக்கனம் பிடித்தவன். மரியாதை செய்வதாக நினைத்து ஒரு அலுவலரை அப்படிச் சொல்லிவிட்டால் நிலைமை என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இனி விளையாட்டுக்கு வருவோம். இதற்கு அச்சிட்ட புத்தகமோ மின்சாரமோ வேண்டியதில்லை. 1995 இல் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த பிள்ளைகள் வன்னியில் மரநிழலிலும், 2009 இல் மெனிக் பாம் முகாம்களில் கூடாரங்களின் கீழும் படித்தார்கள். பழைய கலண்டர் மட்டை, கரித்துண்டு, புளியங்கொட்டை, கோடு கீற ஒரு மணல் தரை ஆகியவை போதும்.

முப்பது பிள்ளைகள் இருந்தால் பத்துத் தொடர்களைத் தெரிந்து முப்பது மட்டைகள் வெட்டுங்கள். ஒரு மட்டையில் ஆங்கிலத் தொடர், இன்னொன்றில் அதன் நேர்ப்பொருளைக் காட்டும் படம், மூன்றாவதில் அதே கருத்துள்ள தமிழ்த் தொடர். கலைத்துப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, தன் கூட்டாளிகள் இருவரையும் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பறவையும் ஒரு கல்லும் வரைந்த மட்டையை வைத்திருப்பவன் மாங்காய்க்காரனைத் தேடி ஓடுவான். ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் படமோ தமிழ் மட்டையோ கொடுத்தால் அதுவும் மற்றவர்களோடு சமமாக விளையாடும். எழுத்து வாசனை குறைந்த பிள்ளை வாங்கின் மூலையில் ஒதுங்கிவிடாமல் காப்பதே இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த அம்சம்.

இன்னொன்று மூன்று மூலை விளையாட்டு. 'ஐ ஆம் அண்டர் த வெதர் ருடே' என்று ஆசிரியர் சொல்கிறார். வெதர் என்றால் காலநிலை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டேன் என்பது முதல் மூலை. உடம்புக்குச் சுகமில்லை என்பது இரண்டாம் மூலை. வானத்தை நம்பி மானாவாரி விதைத்திருக்கிறேன் என்பது மூன்றாம் மூலை. சரியென்று படும் மூலையில் போய் நிற்க வேண்டும். கமக்காரர் பிள்ளைகள் கூட்டமாக மூன்றாம் மூலைக்கு ஓடுவார்கள் என்பதை எதிர்பார்த்திருங்கள். சரியான விடை இரண்டாவது. இரண்டு மூன்று தடவை ஆடிய பின், பொய்யான பொருள்களைப் பிள்ளைகளே கட்டட்டும். நம்பத்தக்க பொய் ஒன்றைக் கட்டுவதற்குத் தொடரின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய வேண்டியிருப்பதால், பாடமாக்காமலே அது மனதில் பதிந்துவிடுகிறது. ஊமை நடிப்பும் இதுபோலப் பயன்படும். காற்சட்டைக்குள் எறும்பு புகுந்தவன்போல ஒருவன் துள்ளிக் காட்ட, இருப்புக்கொள்ளாமல் தவிப்பதைச் சொல்லும் ஆங்கிலத் தொடரை மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

இத்தொடர்களில் சொல்லை மாற்ற முடியாது என்பதையும் விளையாட்டாகவே உணர்த்தலாம். 'றெயினிங் கற்ஸ் அன்ட் டோக்ஸ்' என்பதை நாயை முன்னும் பூனையைப் பின்னுமாக வைத்து ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டிப் பிழையென்று காட்ட வேண்டும். கம்பி நீட்டினான் என்பதைத் தடி நீட்டினான் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

பெற்றோரின் பங்கு வீட்டுவேலையில் வருகிறது. நாயும் பூனையுமாகக் கொட்டும் இந்த மழைக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வரும்படி பிள்ளைகளை அனுப்புங்கள். ஒருத்தி 'பேய்மழை' என்று கொண்டுவருவாள். இன்னொருவன் 'அடைமழை' என்பான். எது சரி? இதற்கு விடை சொல்ல வல்லவர் வயல் செய்த மனிதரே. அடைமழை என்பது விடாமல் நாட்கணக்கில் பெய்வது, பேய்மழை என்பது கொட்டித் தீர்ப்பது. ஆங்கிலத் தொடர் குறிப்பது கொட்டுகிற மழையை. ஆகவே பேய்மழைதான் பொருத்தம். இந்த நுட்பத்தை அகராதியிலிருந்து எடுப்பது கடினம், மாரிக்கு மாரி வரம்பில் நின்ற அப்பு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இத்தொடர் எப்படிப் பிறந்தது என்பதற்குக் கூரையிலிருந்து நாய் விழுந்ததாகவும் வேறு விதமாகவும் கதைகள் உலாவுகின்றன. அவற்றுக்கு ஆதாரமில்லை. பிள்ளைகளுக்கு உண்மைபோலச் சொல்லாதீர்கள்.

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்பதும் இப்படித்தான். இங்கிலாந்தில் கோடையில் புல்லை வெட்டி, வெயிலில் உலர்த்தி, மாரியில் மாட்டுக்குப் போடச் சேமிப்பார்கள். காய முன் மழை பெய்தால் புல் அழுகிவிடும். அதனால் வெயில் இருக்கும்போதே காயவிடு என்கிறார்கள். நாம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். ஆனால் இன்றைய பிள்ளை தூற்றுவதைக் கண்டிருக்குமா? அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் நெல் மூட்டையில் வந்து நிற்கிறது. சூடடித்த களத்தில் சுளகோடு நின்று காற்றுக்குக் காத்திருந்த கதையை அம்மம்மா சொன்னால்தான் தமிழ்ப் பழமொழியே விளங்கும், அது விளங்கினால் ஆங்கிலத் தொடரும் கூடவே விளங்கும். விட்டுவந்த காணியின் களத்தைப் பற்றி வீட்டில் பேச்செழவும் இது வழி செய்யும்.

தொடர்களைத் தெரிவதில் எமது வகுப்புகளுக்கென்று ஒரு கவனம் தேவை. பல்லைக் கடித்துத் துன்பத்தைப் பொறுப்பதை 'பைற் த புல்லற்' என்பார்கள். புல்லற் என்றால் துப்பாக்கிச் சன்னம். குத்துமதிப்பாகச் சொல்வதை இருட்டில் சுட்ட வெடி என்பார்கள். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இவை சாதாரணம். உண்மை வெடி கேட்டு வளர்ந்தவர்களின் வீட்டில், படம் வரையும் விளையாட்டுக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது. வளர்ந்த மாணவர்களுக்குப் பொருளை மட்டும் சொன்னால் போதும். 'கிக் த பக்கற்' என்பதும் அப்படியே. இறந்துபோனான் என்பதைப் பகிடியாகச் சொல்லும் தொடர் அது, நமது மண்டையைப் போட்டான் போல. பொருளை மட்டும் கற்று, எங்கே சொல்லலாம் என்பதைக் கல்லாத பிள்ளை, உறவை இழந்த ஒருவரிடம் அதைச் சொல்லிவிடக்கூடும். ஒவ்வொரு தொடரையும் கற்பித்ததும் 'இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது?' என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள். தமிழில் மரியாதை அறிந்த பிள்ளைகள் சரியாகவே பதில் சொல்வார்கள்.

இறுதியாக, இரவில் வீட்டாரெல்லாரும் கூடியிருந்து அவிழ்க்கச் சில நொடிகள். எல்லாம் ஆங்கில மரபுத்தொடர்களிலிருந்து கட்டியவை.

வண்டி எனக்குப் பின்னால் வரவேண்டும், அவசரக்காரன் அதை எனக்கு முன்னால் பூட்டிவிட்டான். நான் யார்?
ஒட்டகத்தின் முதுகை முறித்தேன், என் பாரமோ ஒரு இறகளவு. நான் யார்?
புத்தியுள்ள கமக்காரன் எங்கள் எல்லாரையும் ஒரே கூடையில் போடமாட்டான். நாங்கள் யார்?
இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் எங்களை எண்ணிக் கணக்குப் பார்க்கிறாள். நாங்கள் யார்?
வீட்டுக்கு வந்தேன், வைத்திருக்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை, தீனிச் செலவில் குடி கெட்டது. நிறம் வெள்ளை. நான் யார்?

விடைகள்: குதிரை (செய்யும் ஒழுங்கைத் தலைகீழாக்குதல்). வைக்கோல் துரும்பு (பொறுமையின் எல்லையைக் கடக்கச் செய்யும் கடைசிச் சிறு துன்பம்). முட்டைகள் (இருக்கும் முதல் முழுவதையும் ஒன்றிலேயே போடாதே, காணி முழுவதும் ஒரே பயிரை நடாதே என்றும் கொள்ளலாம்). கோழிக்குஞ்சுகள் (கைக்கு வருமுன் கணக்குப் போடாதே). வெள்ளை யானை (பயனின்றிச் செலவு வைக்கும் பொருள்).