கணிப்பொறி நடத்தும் சிறு இரயில்

விருதுநகர்ச் சந்திப்பு நாற்றிசைப் பாதைகளும் கூடும் இடமாகும். வடக்கே மதுரை, தெற்கே சாத்தூர், மேற்கே சிவகாசி, கிழக்கே அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் அங்கு வந்து செல்கின்றன. இவ்வொழுங்கு எவ்வாறு அமைகின்றது? மேசைமீது ஓடும் மாதிரி இரயிலைக் கொண்டே இதனை நாம் அறியலாம்.

மாதிரி இரயிலின் தண்டவாளங்களே மின்சாரத்தை எஞ்சினுக்குக் கொண்டு செல்கின்றன. பழைய முறையில், மின்னழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரையும், குறைத்தால் தளரும். ஆயின், ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் ஒருங்கே ஓடும். சிவகாசிச் சரவெடியிற் பற்றிய தீ, 'இது வெடிக்க, அது நிற்க' என வேறுபாடு அறியுமோ? அம்மின்சாரமும் அத்தகையதே.

இக்குறையை நீக்கியது எண்முறைக் கட்டுப்பாடு. 1980-களின் இறுதியில் செர்மனி நாட்டு லென்ஸ் நிறுவனத்தார் வகுத்த இம்முறை, பின்னர் அமெரிக்க மாதிரி இரயில் சங்கத்தாரால் பொதுமுறையாக ஏற்கப்பட்டது. இதில் மின்னோட்டத்தின் திசை இடையறாது மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், 58 கூறுக்கு ஒருமுறை மாறுவது 'ஒன்று'. 100 கூறு அல்லது அதனினும் நீண்டு மாறுவது 'சுழி'. இவ்விரண்டையும் கோத்தே கட்டளைகள் அமைகின்றன. ஒவ்வொரு கட்டளையிலும் எஞ்சினின் முகவரி, செய்ய வேண்டிய செயல், பிழை காணும் எண் ஆகிய மூன்றும் இருக்கும். எல்லா எஞ்சின்களும் அதனைப் பெறும். முகவரிக்கு உரியது மட்டுமே பணியும். பிழை காணும் எண் பொருந்தாவிடின் அதுவும் பணியாது.

இனி, கணிப்பொறியின் பணி யாது? பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, எப்பகுதியில் எஞ்சின் மின்சாரம் கொள்கின்றது என்பதை அது கண்காணிக்கும். சிவகாசி செல்லும் பாதை ஒற்றைப் பாதை. அதனை மேசைமீது அமைத்தோம் எனின், 'இப்பகுதியில் ஒரு வண்டி உள்ளவரை எதிர்வண்டியை விடாதே. அது கடக்கும்வரை பாதையை மாற்றாதே' என்று நிரல் எழுத வேண்டும். கணிப்பொறி அவ்விதியை இம்மியும் வழுவாது.

எனினும், ஒன்று நினைவிற்கொள்க. எஞ்சினினின்று கழன்ற பெட்டி ஒன்று பாதையில் நின்றால், அது மின்சாரம் கொள்ளாமையால் கணிப்பொறிக்குப் புலப்படாது. ஆதலின், பெட்டியின் அச்சிலும் சிறு மின்தடை பொருத்துதல் வேண்டும். அறிவிக்கப்பட்டதையே பொறி அறியும், அறிவிப்பவன் மனிதனே.

மேசைமீது நேரும் பிழையால் பொம்மை கவிழும். மெய்ப்பாதையில் உயிர்கள் மடியும். 2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், ஒடிசா மாநிலத்துப் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி பக்கப் பாதையில் புகுந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் இணைப்பை மாற்றியமைத்தபோது நேர்ந்த தவறே காரணம் என விசாரணையில் தெரிந்தது. சிவப்பு விளக்கை ஓட்டுநர் கவனியாவிடினும் வண்டியைத் தானே நிறுத்தும் 'கவச்' என்னும் அமைப்பு, இப்பொழுது நம் நாட்டு இருப்புப்பாதைகளில் படிப்படியாக நிறுவப்பட்டு வருகின்றது. ஆயினும், அதனைப் பொருத்துவோரும் சோதிப்போரும் மனிதரே ஆவர்.

மாணவர்களே! பட்டாசுத் தொழிலில் ஒருவர் அயர்ந்தால் பலர் துன்புறுவதை இம்மாவட்டத்தார் நன்கு அறிவர். நிரல் எழுதுதலும் அத்தகைய பொறுப்புடைய பணியே. ஒருமுறை எழுதுக, பலமுறை சோதித்துப் பார்க்க, அதன் பின்னரே வண்டியை விடுக.