விரைவுச் சொற்களும் திருத்தணி எல்லையும்

புறத்தே நின்று ஒருவர் அழைக்க, உள்ளிருப்பவர் இருக்கையை விட்டு எழுமுன்னரே, "இதோ வந்துவிட்டேன்" என விடையிறுக்கின்றார். இதனைப் பொய்யென்று எவரும் கொள்வதில்லை. எதிர்காலத்தும் நிகழ்காலத்தும் வரற்பாலதாய வினையை இறந்தகாலத்தாற் கூறுதல் விரைவுப் பொருட்டு எனத் தொல்காப்பியர் வினையியலில் அமைத்தார். பவணந்தியாரும், காலம் பிறழ்ந்து வருதற்குரிய இடங்களைத் தொகுக்குமிடத்து, விரைவினையே முதற்கண் வைத்தார். இன்றைய மாணவர் இவ்விதியை உரைகாரர் காட்டிய எடுத்துக்காட்டோடு நெட்டுருச் செய்வரேயன்றி, தம் வாயில் நாள்தோறும் அது வழங்குதலை நோக்குவதில்லை.

ஆங்கிலேயர் இவ்விடத்து, 'வருகின்றேன்' என்னும் பொருள்படும் நிகழ்கால வினையையே ஆள்வர். விரைவின் மிகுதியைப் புலப்படுத்த அவர் பெரிதும் நாடுவது உவமைத் தொடர்களை. ஆட்டுக்குட்டி வாலை இருமுறை ஆட்டும் நேரம் என்பர். ஜாக் ராபின்சன் என்னும் பெயரைச் சொல்லி முடிக்குமுன் என்பர். இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் நகைப்பே விளையும். கண்ணிமைப்பும் விரல் நொடிப்புமோ இரு மொழிக்கும் பொது. அவை நமக்குக் கடனல்ல. நூன்மரபில் மாத்திரைக்கு அளவாகக் கூறப்பட்டவை அவ்விரண்டுமே. ஒரு குற்றெழுத்தை ஒலிக்கும் காலமே நமக்கு விரைவின் அளவுகோலும் ஆயிற்று.

இனி, இவ்வாராய்ச்சிக்குத் திருத்தணியை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் கூறுவாம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அதன்பாற் சென்ற இவ்வூர், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின் வழி, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. எல்லைக்கோடு இடம்பெயரினும், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலித்தல் மாறவில்லை.

அங்ஙனம் ஒலிக்குமிடத்து விரைவுச் சொற்களே கேட்போரைப் பெரிதும் மயக்குவன. 'அவசரம்' என்பது வடமொழியில் 'வாய்ப்பு, தக்க சமயம்' எனப் பொருள்படுவது. தமிழில் அது விரைவைக் குறித்தது. தெலுங்கிலோ தேவையைக் குறித்தது. தெலுங்கர் ஒருவர் "அவசரம் லேது" என்பாராயின், தமக்கு அப்பொருள் வேண்டா என்கின்றார். தமிழரோ, விரைய வேண்டுவதில்லை எனக் கொண்டு காத்திருப்பர்! 'தொந்தர' என்பது இதற்கு மறுதலை. தெலுங்கில் அதுவே விரைவு. தமிழ்த் 'தொந்தரவு' இடையூறு. எனவே "தொந்தர லேது" என்னும் தொடர் 'விரைவில்லை' எனச் சொல்லப்பட்டு, 'இடையூறில்லை' எனக் கேட்கப்படும். பேச்சில் முகக்குறிப்பும் கைக்குறிப்பும் ஐயம் அகற்றும். எழுத்தில் அவை இல்லை. தெலுங்குப் பத்திரம் ஒன்றில் 'அவசரமைன' எனக் குறிக்கப்பட்டவை தேவையான ஆவணங்கள். அவற்றை 'அவசரமான' ஆவணங்கள் எனப் பெயர்ப்பாராயின், கட்டாயம் என்னும் கருத்து மறைந்து காலக்கெடு ஒன்று தோன்றிவிடும். அயன்மொழித் தொடரினும், உறவுமொழியின் ஒத்த உருவமுடைய சொல்லே மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் என்பது எம் கருத்து.

சொற்கள் இங்ஙனம் பிரிய, இலக்கணம் பிரியவில்லை. "இதோ வந்துவிட்டேன்" என்னும் அதே இடத்துத் தெலுங்கர், "இதிகோ வச்சேசானு" என்பர். அதுவும் வாராதவர் கூறும் இறந்தகாலமே. தமிழில் 'விடு' என்னும் துணைவினை நிற்குமிடத்துத் தெலுங்கில் 'இடு, எறி' என்னும் பொருளதாகிய 'வேயு' நிற்கின்றது. கன்னடர் துணைவினையும் வேண்டாது "பந்தே" என்று ஒழிவர். அதன் நேர்ப்பொருள் 'வந்தேன்' என்பதே. உரியியலில் விரைவுப் பொருளவாகக் கூறப்பட்ட கதழ்வும் துனைவும் நம் பேச்சினின்று நீங்கின. 'கடி' என்பது 'கடிது' என ஏட்டளவில் நிற்கின்றது. வினையியல் கூறிய காலமயக்கமோ மூன்று மொழிகளிலும் வழக்கு வீழாது வாழ்கின்றது.

ஒலிக்குறிப்பிலும் இவ்வுறவைக் காணலாம். 'சரசர' என்பது இருமொழியிலும் விரைவுக் குறிப்பு. நம் 'விறுவிறு'வோடு தெலுங்கின் 'பிரபிர' ஒலியாலும் பொருளாலும் அணுகி நிற்கின்றது. விரைவு பற்றி அடுக்கும் சொல்லுக்கு மூன்றே எல்லை என்பது எச்சவியல் விதி. ஆடிக் கிருத்திகையன்று மலையின் 365 படிகளில் நிற்போர் அதனைச் செவியாற் காணலாம். பின்தங்கிய சிறுவனைத் தமிழ்த் தாய் "வா வா வா" என்பாள். அடுத்த படியில், "பத பத" என்பாள் தெலுங்குத் தாய்.