மீனுக்கு முன் செடி: வீட்டுக்குள் ஒரு நீர்த்தோட்டம்

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் நம் பிள்ளைகளில் பலர் ஆசைப்படுவது ஒரு மீன்தொட்டிக்கு. சாச்சா தந்தது, மாமி தந்தது, உம்மும்மா மடித்து வைத்துத் தந்தது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வீட்டுக்கு வரும். முதல் மூன்று நாள் பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள். ஒரு கிழமை கழியும்போது தண்ணீர் கலங்கும். நீங்கள் மீன்களை ஒரு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, மணலையும் அலசி, புதுத் தண்ணீர் நிரப்புவீர்கள். தொட்டி பளபளவென்று இருக்கும். மறுநாள் ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் இரண்டு மீன்கள் வயிறு மேலே திரும்பிக் கிடக்கும்.

"எங்கட வீட்டுக்கு மீன் சரிவராது" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்து வைத்து விடுகின்றோம். அன்புச் சகோதரிகளே, பெரும்பாலும் குறை நஸீபில் இல்லை. நம் அவசரத்திலும், அளவு மீறிய சுத்தத்திலும்தான் இருக்கின்றது.

அமானிதமாக வந்த உயிர்

வீட்டில் ஓர் உயிரை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர், ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது பிள்ளையிடம் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கின்றது. ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உள்ளான செய்தியும் அதே கிரந்தங்களில்தான் இருக்கின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குரிய எல்லை விளங்கும். வளர்க்கலாம், ஆனால் அடைத்து வைத்த உயிருக்கு நாம்தான் பொறுப்பு. தொட்டிக்குள் இருக்கும் மீனால் வேறு தண்ணீர் தேடிப் போக முடியாது.

தண்ணீருக்குள் நடப்பது என்ன?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் கிடக்கும் தீனியிலிருந்தும் அமோனியா என்ற நஞ்சு தண்ணீரில் சேருகின்றது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அது இருக்கலாம். ஒருவகைப் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். அது அந்தளவு தீங்கில்லை. செடிக்கு உரமும் கூட. இந்தப் பற்றீரியாக்கள் மணலிலும், வடிகட்டியின் பஞ்சிலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒரு புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 கிழமை வரை எடுக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமூகம் நாம். ஆனால் சோற்றுப் பானையைக் கழுவுவது போலத் தொட்டியைக் கழுவும்போது, அந்த நன்மை செய்யும் பற்றீரியாக்கள் முழுவதையும் கானில் ஊற்றி விடுகின்றோம். மீன் மீண்டும் முதல் நாள் தொட்டிக்குள், தன் நஞ்சுக்குள்ளேயே விடப்படுகின்றது.

இதற்கு நல்ல துணை செடிகள். அவை அமோனியாவையும் நைத்திரேற்றையும் உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. பகலில் ஒளித்தொகுப்பு செய்து ஒட்சிசனைத் தருகின்றன. மீனுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கின்றது. எனவே மீன் வாங்கிவிட்டு அழகுக்கு இரண்டு செடி வைப்பது தலைகீழான வேலை. தோட்டத்தை முதலில் போடுங்கள், பிறகு மீனை விருந்தாளியாக அழையுங்கள்.

ஷஃபானில் தொடங்குங்கள்

இதற்கு ஓர் இலகுவான கணக்குச் சொல்கின்றேன். ஷஃபான் மாத நடுப்பகுதியில் தொட்டியை அமைத்துச் செடி நடுங்கள். ஷஃபானின் மீதி இரண்டு கிழமையும் நோன்பு மாதமும் சேர்ந்தால் ஆறு கிழமை. நோன்புப் பெருநாளன்று மீன் வரட்டும். பொறுமையின் மாதத்தில் பிள்ளையும் தன் தொட்டி முன்னால் கொஞ்சம் பொறுமை பழகட்டும்.

முதலாவது வேலை இடம் பார்ப்பது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி சுமார் 55 லீற்றர் தண்ணீர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 55 கிலோ. மணலும் கண்ணாடியும் வேறு. ஆட்டமில்லாத உறுதியான மேசை வேண்டும். யன்னலோரம் கூடாது. நேர் வெயில் பட்டால் பாசி பெருகும், தண்ணீரும் சூடாகும். மின்கம்பி சுவர்ச் சொருகியை விடக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறுமாறு விடுங்கள். கம்பி வழியே வரும் நீர்த்துளி சொருகிக்குள் போகாது. தண்ணீருக்குள் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி விடுங்கள்.

அடித்தளத்துக்கு உரமோ கிருமிநாசினியோ போடாத தோட்டத்து மண்ணை அரித்து ஓர் அங்குலம் பரப்புங்கள். அதன்மேல் நன்றாக அலசிய, சற்றுப் பருக்கனான ஆற்று மணல் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் போட்டு மண்ணை மூடுங்கள். கடல் மணலும் சிப்பியும் வேண்டாம். அவற்றிலுள்ள சுண்ணாம்பு தண்ணீரைக் கடினமாக்கும். மண்ணை அடியில் இட்டு, விலை கூடிய கருவிகள் இல்லாமல் செடி வளர்க்கும் இந்த முறையை அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரப்பியது. காபனீரொட்சைட்டுச் சிலிண்டரும் விலை உயர்ந்த விளக்கும் வைத்துச் செய்யும் முறையும் உண்டு. வீட்டுக்கு அது அவசியமில்லை.

மணல்மேல் ஒரு பீங்கானை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மண் கிளறாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் பறந்துவிடும். அல்லது மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில துளி விடலாம். வாளியை மெல்லிய துணியால் மூடுங்கள், நாட்கணக்கில் விடாதீர்கள். டெங்கு நுளம்புக்கு நாம் தொட்டில் கட்டக் கூடாது.

நம் மண்ணின் செடி

என்ன செடி வைப்பது? உலகெங்கும் மீன்தொட்டி வளர்ப்போர் விரும்பும் செடிகளில் ஒரு குடும்பம் நம் நாட்டுக்கே உரியது என்பது பலருக்குத் தெரியாது. கிரிப்டோகொரைன் இனத்தைச் சேர்ந்த வென்ட்டி, பெக்கெட்டி, வோக்கேரி, பார்வா ஆகியவை இலங்கையின் ஓடைகளிலன்றி வேறெங்கும் இயற்கையாகத் தோன்றியவையல்ல. பார்வா இந்த இனத்திலேயே மிகச் சிறியது. மரநிழலில் வளர்ந்து பழகியவை என்பதால் கடும் வெளிச்சம் கேட்க மாட்டா. நம் வீட்டுத் தண்ணீரின் சூடும் அவற்றுக்குப் பொருந்தும். ஆனால் இவற்றில் பல இயற்கையில் அருகி வருகின்றன. ஓடையில் பிடுங்கி எடுக்காதீர்கள். பண்ணையில் வளர்த்ததையே கடையில் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் செடிக்கு ஒரு குணமுண்டு. இடம் மாற்றி நட்டதும் ஒரு கிழமைக்குள் இலைகள் கண்ணாடிபோல் கரைந்து அழுகிப் போகலாம். "செத்துப் போச்சு" என்று பிடுங்கி எறிந்து விடாதீர்கள். அழுகிய இலைகளை மட்டும் கிள்ளி எடுங்கள். மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும். இரண்டு மூன்று கிழமையில் அதே இடத்திலிருந்து புதுக் குருத்து வரும். கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போன பெண்பிள்ளை முதலில் வாடிப் பிறகு வேர் பிடிப்பது போலத்தான் இதுவும். அவளையும் அந்த நாட்களில் கிளறாமல் விடுவதுதான் நல்லது.

கிரிப்டோகொரைன் மெதுவாக வளரும். ஆகவே வேகமாக வளரும் ஹைட்றில்லா, வலிஸ்நேரியா போன்றவற்றைப் பின்பக்கம் நெருக்கமாக நடுங்கள். தொடக்கத்தில் நஞ்சை உறிஞ்சுவது அவைதாம். ஜாவா பன்னத்தை மணலில் புதைக்காமல் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள். அதன் தண்டு புதைந்தால் அழுகிவிடும்.

எல்.ஈ.டி. விளக்கு ஒன்று போதும். முதல் கிழமைகளில் நாளுக்கு 6 மணித்தியாலம், பிறகு 8 வரை. இரவு முழுவதும் எரியவிட்டால் வளர்வது பாசிதான். மீன் இல்லாத அந்த நாட்களில் இரண்டு நாளுக்கொரு முறை ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்கள். பற்றீரியாவுக்கு அதுதான் உணவு. கண்ணாடியில் கபில நிறத் தூசிபோல் ஒரு பாசி படியும். அது புதுத் தொட்டியின் வழமை. துணியால் துடைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

பெருநாள் விருந்தாளிகள்

மீன் விடுவதற்கு முதல் நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தங்கமீன் இந்தத் தொட்டிக்கு உதவாது. பெரிதாக வளரும், அதிகம் கழிக்கும், செடியைக் கடித்துப் பிடுங்கும். நம் நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப் இருக்கின்றது. 1929இல் பி.ஈ.பி. தெரணியகல விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்த மீன் இது. ஆண் மீன் செர்ரிப் பழம்போல் சிவக்கும். இன்னொன்றைச் சிங்களத்தில் 'புலத் ஹப்பயா', அதாவது வெற்றிலை சப்புபவன் என்பார்கள். ஆண் மீனின் முகம் உம்மும்மாவின் வாய்போலச் சிவந்திருக்கும்! இவற்றிலும் பண்ணையில் பெருக்கியதையே வாங்குங்கள்.

நான் சொன்ன அளவுத் தொட்டிக்குச் செர்ரி பார்ப் 8 போதும். முதலில் 4, இரண்டு கிழமை கழித்து 4. பையோடு 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

தீனி நாளுக்கு ஒரு முறை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். கிழமைக்கு ஒரு நாள் ஒன்றும் போடாவிட்டாலும் குறையில்லை. தொட்டி மீன் பட்டினியால் சாவது குறைவு, விருந்தால் சாவதுதான் அதிகம். ஒரே வீட்டில் மூன்று பேர் இரக்கப்பட்டுத் தீனி போடாமல், அந்தப் பொறுப்பை ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள்.

கிழமைக்கு அரை மணித்தியாலம்

இனி உங்கள் வேலை கிழமைக்கு ஒரு தடவைதான். நான்கில் ஒரு பங்குத் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, குளோரின் போன தண்ணீரை ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பிழிந்து வையுங்கள். சவர்க்காரம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. எடுத்த தண்ணீரை வீணாக்காமல் ரோசாச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். அதிலுள்ள நைத்திரேற்று நல்ல உரம்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்கள் நமக்கு மறக்காது. காற்றுப் பம்பை மட்டும் நம்பி மீன்களை நெருக்கி அடைத்த தொட்டிகளுக்கு அப்படிப்பட்ட நாட்களில்தான் ஆபத்து. மீன் குறைவாகவும் செடி நிறைவாகவும் உள்ள தொட்டி அதனைத் தாங்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இரவில் செடிகளும் ஒட்சிசனை எடுக்கும். கறண்ட் இல்லாத இரவில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி, சற்று உயரத்திலிருந்து சில தடவை ஊற்றுங்கள்.

வேலிக்கு வெளியே விடாதீர்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். அலுத்துப்போன மீனையும், வெட்டிய செடியையும் ஆற்றிலோ கானிலோ விடாதீர்கள். அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை அடைத்ததால் 1909இலேயே அதற்கெதிராகச் சட்டம் போட வேண்டி வந்தது. 1939இல் ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா இன்றும் நம் குளங்களை மூடுகின்றது. தொட்டியில் வளர்ப்பதற்கென்று வந்த கத்திமீன் நம் நீர்நிலைகளில் பரவி, சிறு மீன்களை விழுங்குகின்றது. மீனை வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்கோ, வளர்க்கும் ஒருவருக்கோ கொடுங்கள். செடியை வெயிலில் காயவைத்துப் பூச்சட்டியில் புதையுங்கள்.

உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்து படைக்கப்பட்டதை அல்குர்ஆன் (21:30) நமக்கு நினைவூட்டுகின்றது. அதை ஓதிக் கேட்டு வளரும் பிள்ளை, ஒரு குருத்து மணலைக் கீறி வெளிவருவதைத் தன் வீட்டிலேயே கண்ணால் காணட்டும். கவிழ்த்து வைத்த அந்தத் தொட்டி இன்னும் உங்கள் அறை மூலையில் இருந்தால், தூசி தட்டி எடுங்கள். பெருநாள் காசு வரும்வரை காத்திருக்காமல் இந்தத் தடவை செடியை முதலில் நடுங்கள். இன்ஷா அல்லாஹ், பெருநாளன்று வீட்டுக்கு வரும் மீன் அடுத்த பெருநாளையும் காணும்.