கைப்பிடித் தண்டுக் கவ்வி வடிவமைப்பு

கைப்பிடித் தண்டுக் கவ்வி என்பது மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் ஹேண்டில்பாரில் விளக்கு, மணி, கைப்பேசித் தாங்கி, கேமரா, வேகமானி போன்ற துணைப்பொருள்களைப் பொருத்த உதவும் சிறு சாதனம் ஆகும். பட்டறைகளில் இது கிளாம்ப் என்றே அழைக்கப்படுகிறது. தண்டில் துளையிடாமல், பற்றவைக்காமல், உராய்வைக் கொண்டே பொருளை நிலைநிறுத்துவது இதன் சிறப்பு. வெவ்வேறு தடிமனுள்ள தண்டுகளுக்கும் பொருந்தும் வகையில் தாடைகளின் இடைவெளியை மாற்றிக்கொள்ளக்கூடிய கவ்வி, சரிசெய்யத்தக்க கவ்வி எனப்படும்.

ஹேண்டில்பார் உள்ளீடற்ற குழாய். அதில் துளையிட்டால் துளையின் விளிம்பில் தகைவு குவிந்து, நாளடைவில் வெடிப்பு தோன்றும். ஓடும் வண்டியில் தண்டு முறிந்தால் ஓட்டுபவர் கீழே விழுவது உறுதி. எனவே கவ்விக்கு இரண்டு கடமைகள் உண்டு. துணைப்பொருளை நழுவ விடக்கூடாது. தண்டைக் காயப்படுத்தவும் கூடாது. நழுவாத அளவுக்குப் பிடித்து, நசுங்காத அளவோடு நிறுத்துவதே இதன் வடிவமைப்பிலுள்ள சிக்கல்.

தண்டின் அளவுகள்

வடிவமைப்பின் முதற்படி தண்டின் வெளிவிட்டத்தை அறிவது. வழக்கத்தில் உள்ள அளவுகள் பின்வருமாறு:

- 22.2 மி.மீ. (7/8 அங்குலம்): மிதிவண்டியின் நேரான தண்டுகளில் கைப்பிடி உறை மாட்டும் பகுதி, பல மோட்டார் சைக்கிள்களின் தண்டு. சுற்றளவு 69.7 மி.மீ.
- 25.4 மி.மீ. (1 அங்குலம்): பழைய வகை மிதிவண்டித் தண்டுகளின் நடுப்பகுதி, சில குரூசர் வகை மோட்டார் சைக்கிள்கள். சுற்றளவு 79.8 மி.மீ.
- 28.6 மி.மீ. (1 1/8 அங்குலம்): கரடுமுரடான பாதைகளுக்கான மோட்டார் சைக்கிள்களின் தடித்த தண்டில் நடுப்பகுதி. சுற்றளவு 89.8 மி.மீ.
- 31.8 மி.மீ. (1 1/4 அங்குலம்): இக்கால மிதிவண்டித் தண்டுகளின் நடுப்பகுதி. சுற்றளவு 99.9 மி.மீ.
- 35 மி.மீ.: சில மலைப்பாதை மிதிவண்டிகள். சுற்றளவு 110 மி.மீ.

வெர்னியர் அளவி இல்லாதவர்களும் தண்டின் அளவை அறியலாம். ஒரு காகிதப் பட்டையைத் தண்டைச் சுற்றி ஒட்டிப் பிடித்து, முனை சந்திக்கும் இடத்தில் குறியிட்டு, நீளத்தை அளவுகோலால் அளந்தால் போதும். மேற்கண்ட சுற்றளவுகள் ஏறத்தாழ 70, 80, 90, 100, 110 மி.மீ. என்று பத்துப் பத்தாக உயர்வதால், அளவீட்டில் ஓரிரு மி.மீ. பிழை நேர்ந்தாலும் தண்டின் வகை தெளிவாகத் தெரிந்துவிடும். முதல் நான்கு விட்டங்களும் 1/8 அங்குல இடைவெளியில் அமைந்துள்ளதே இதற்குக் காரணம்; 1/8 அங்குலத்தைப் பை மதிப்பால் பெருக்கினால் 9.97 மி.மீ. கிடைக்கும்.

பல தண்டுகள் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவான பகுதியில் கவ்வியைப் பொருத்தக்கூடாது. அதிர்வில் அது மெலிந்த பக்கமாக நகர்ந்து தளர்ந்துவிடும்.

கவ்வியின் வகைகள்

ரப்பர் பட்டை வகை மிக எளியது. பட்டையை இழுத்துக் கொக்கியில் மாட்டினால் போதும். சிறிய விளக்குகளுக்கு இது ஏற்றது. எடை கூடினால் சுழன்றுவிடும். வெயிலில் ரப்பர் வெடிப்பதும் உண்டு.

உலோகப் பட்டை வகை, குழாய்களை இறுக்கும் ஹோஸ் கிளிப்பைப் போன்றது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான லம்லி ராபின்சன் 1921-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பட்டையில் உள்ள பள்ளங்களில் திருகின் புரி சிக்கி, பட்டையை இழுத்து இறுக்கும். பல விட்டங்களுக்குப் பொருந்தும். ஆனால் பட்டையின் கூரிய விளிம்பு வண்ணப்பூச்சைச் சுரண்டும். எஞ்சி நீட்டிக்கொண்டிருக்கும் முனை கையைக் கிழிக்கும்.

கீல் வகையில் இரண்டு அரைவட்டத் தாடைகள் ஒரு பக்கம் கீலாலும் மறுபக்கம் திருகாலும் இணைக்கப்படும். இது ஒரே ஒரு விட்டத்துக்கே சரியாகப் பொருந்தும். மெல்லிய தண்டில் மாட்ட உட்புறம் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். 31.8 மி.மீ. கவ்வியை 25.4 மி.மீ. தண்டில் பொருத்த 3.2 மி.மீ. தடிமனும், 22.2 மி.மீ. தண்டில் பொருத்த 4.8 மி.மீ. தடிமனும் உள்ள வளையம் தேவை.

வி தாடை வகையில் ஒரு தாடை வி வடிவப் பள்ளமும் மற்றொன்று தட்டையான பரப்பும் கொண்டிருக்கும். பல விட்டங்களுக்குப் பொருந்தும் கவ்விக்கு இவ்வகையே ஏற்றது.

வி வடிவத்தின் பயன்

அரைவட்டத் தாடையின் ஆரமும் தண்டின் ஆரமும் ஒன்றாக இருந்தால்தான் பரப்பு முழுவதும் படியும். தண்டு மெலிந்தால் தாடையின் அடிப்பகுதி மட்டுமே அதைத் தொடும். தண்டு தடித்தால் தாடையின் இரு விளிம்புகள் மட்டுமே தொடும். வி பள்ளத்துக்கு இந்தக் குறை இல்லை. எந்த விட்டமுள்ள தண்டும் அதன் இரு சரிவுகளிலும் சமமாகப் படியும். எதிர்ப்புறத் தட்டைத் தாடையையும் சேர்த்து மூன்று இடங்களில் பிடிப்பு கிடைக்கும்.

90 டிகிரி வி பள்ளத்தில், பள்ளத்தின் அடிமுனையிலிருந்து எதிர்த் தாடை வரையிலான தூரம் தண்டின் ஆரத்தைப் போல் 2.414 மடங்கு. இதன்படி 22.2 மி.மீ. தண்டுக்கு 26.8 மி.மீ., 31.8 மி.மீ. தண்டுக்கு 38.4 மி.மீ. இடைவெளி தேவை. வேறுபாடு 11.6 மி.மீ. ஆகவே தாடைகள் குறைந்தது 12 மி.மீ. நகர இடம் வேண்டும். எம்5 போல்ட்டின் புரியிடைத் தூரம் 0.8 மி.மீ. என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல ஏறத்தாழ 15 சுற்றுகள் ஆகும்.

பள்ளத்தின் ஆழமும் கவனிக்கத்தக்கது. பெரிய தண்டு பள்ளத்தின் சரிவைத் தொடும் இடம் அடிமுனையிலிருந்து 11.2 மி.மீ. உயரத்தில் உள்ளது. பள்ளம் இதைவிட ஆழம் குறைந்தால் தண்டு பள்ளத்தின் விளிம்பில் நிற்கும். மாறாக, ஆழம் 26.8 மி.மீ.-க்கு மேற்பட்டால், சிறிய தண்டைப் பிடிப்பதற்கு முன்பே தாடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 13 மி.மீ. ஆழம் இரண்டுக்கும் பொருந்தும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

கைப்பேசியும் தாங்கியும் சேர்ந்து 350 கிராம் நிறை கொண்டவை என்றும், அவற்றின் புவியீர்ப்பு மையம் தண்டின் அச்சிலிருந்து 60 மி.மீ. தள்ளி உள்ளது என்றும் கொள்வோம். அவை தண்டைச் சுற்றிக் கீழே சரிய முயலும் திருப்புத்திறன்:

0.35 × 9.8 × 0.06 = 0.206 நியூட்டன் மீட்டர்

பள்ளத்தில் வண்டி இறங்கும்போது விசை 5 மடங்காகும் என்றும், பாதுகாப்புக் காரணி 2 என்றும் கொண்டால், கவ்வி தாங்க வேண்டியது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர்.

வி தாடைக் கவ்வியின் உராய்வுத் திருப்புத்திறன், 2.414 × உராய்வுக் குணகம் × அழுத்தும் விசை × தண்டின் ஆரம் ஆகும். ரப்பர் உறையுள்ள தாடைக்கு, மழையில் நனையும் நிலையையும் கருதி, உராய்வுக் குணகத்தை 0.3 என்று குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். 22.2 மி.மீ. தண்டின் ஆரம் 0.0111 மீட்டர். எனவே தேவையான அழுத்தும் விசை:

2 ÷ (2.414 × 0.3 × 0.0111) = 249 நியூட்டன்

இதை இரண்டு எம்5 போல்ட்டுகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றிலும் சுமார் 125 நியூட்டன் இழுவிசை போதும். போல்ட்டை இறுக்கும் திருப்புத்திறன் தோராயமாக 0.2 × போல்ட்டின் விட்டம் × இழுவிசை என்பது பொறியியல் வழக்கு. அதன்படி:

0.2 × 0.005 × 125 = 0.125 நியூட்டன் மீட்டர்

இது விரல்களால் திருகக்கூடிய மிகச் சிறிய அளவு. அதே போல்ட்டை ஆலன் கீ கொண்டு 5 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால், ஒவ்வொன்றிலும் 5,000 நியூட்டன் வீதம் மொத்தம் 10,000 நியூட்டன் விசை தண்டின் மேல் விழும். இது தேவையைப் போல் 40 மடங்கு. கவ்வி நழுவினால் மேலும் மேலும் இறுக்குவதே வழக்கம். ஆனால் பெரும்பாலும் குறை இறுக்கத்தில் இருப்பதில்லை. விட்டம் பொருந்தாமை, ரப்பர் உறை இல்லாமை, பொருள் தண்டைவிட்டு வெகுதூரம் நீண்டிருத்தல் ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். பொருளின் தூரத்தைப் பாதியாக்கினால் தேவையான விசையும் பாதியாகிவிடும்.

அதிர்வும் தளர்ச்சியும்

குறைந்த விசையில் இறுக்கிய போல்ட் அதிர்வில் தளரக்கூடும். இதைத் தடுப்பதிலும் ரப்பர் உறைக்குப் பங்கு உண்டு. உலோகத்தோடு உலோகம் நேரடியாக இறுகியிருந்தால், நட் சிறிதே பின்வாங்கினாலும் பிடிப்பு முழுவதும் போய்விடும். இடையில் 2 மி.மீ. ரப்பர் இருந்தால் அது வில்லைப் போல் விரிந்து, அழுத்தம் அறவே நீங்காமல் காக்கும். நைலான் வளையம் பதித்த பூட்டு நட் பயன்படுத்தினால் போல்ட் தானாகச் சுழல்வதும் தடைப்படும்.

மோட்டார் சைக்கிளில் எஞ்சினின் அதிர்வும் சேர்கிறது. உயர்திறன் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் படநிலைப்படுத்தும் அமைப்பைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் எச்சரித்தது. கவ்விக்கும் தாங்கிக்கும் இடையே அதிர்வுறிஞ்சும் ரப்பர் இணைப்பு வைப்பது இத்தகைய கருவிகளுக்கு நல்லது.

பொருள் தேர்வு

அலுமினியக் கலப்புலோகம் உறுதியும் எடைக் குறைவும் கொண்டது. கண்ணாடி இழை கலந்த நைலான் மலிவானது, தண்டைக் கீறாது. எனினும் எல்லாப் பிளாஸ்டிக்குகளும் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல உருமாறுவதால், பொருத்திய சில நாள்களில் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

முப்பரிமாண அச்சில் கவ்வி செய்யும் மாணவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் இது வளைந்துவிடலாம். பி.இ.டி.ஜி. சுமார் 80 டிகிரி வரையும், ஏ.பி.எஸ். சுமார் 100 டிகிரி வரையும் தாங்கும். அடுத்து, அச்சின் அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் போல்ட்டின் விசை அமையக்கூடாது. அமைந்தால் தாடை அடுக்கோடு பெயர்ந்து வரும். உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக அமைப்பதும் உடைவைத் தடுக்கும்.

உறைக்கு, வெயிலைத் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பர் ஏற்றது. மழையில் நனைவதால் போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவையாக இருப்பது நல்லது.

பாதுகாப்பு

கவ்வியோ துணைப்பொருளோ பிரேக், கியர் கேபிள்களை அழுத்தக்கூடாது. பழைய கம்பி பிரேக் மிதிவண்டிகளில் பிரேக் கம்பி தண்டை ஒட்டியே செல்வதால், கம்பியையும் சேர்த்துக் கவ்விவிடாமல் இடம் பார்த்துப் பொருத்த வேண்டும். பொருத்தியபின் தண்டை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பது கட்டாயம்.

கீழே விழும்போது ஓட்டுபவரின் மார்பும் வயிறும் தண்டில் மோத வாய்ப்புண்டு. சிறிய தண்டில் பொருத்தும்போது போல்ட் ஏறத்தாழ 12 மி.மீ. கூடுதலாக வெளியே நீளும். அந்த முனை ஓட்டுபவரை நோக்கி இருக்கக்கூடாது. அதற்கு மூடியும் இட வேண்டும்.

கார்பன் இழைத் தண்டுகளுக்கு வி தாடைக் கவ்வி ஏற்றதன்று. கோடாக விழும் அழுத்தத்தில் வெளியே அடையாளம் தெரியாமலே உள்ளடுக்குகள் உடையக்கூடும். அவற்றுக்கு அகன்ற, விட்டம் சரியாகப் பொருந்தும் கவ்வியையே, தண்டைத் தயாரித்தவர் குறிப்பிட்ட வரம்புக்குள் இறுக்கிப் பயன்படுத்த வேண்டும். தட்டையாகச் செய்யப்பட்ட தண்டுகளிலும் வட்டத் தண்டுக்கான கவ்விகளைப் பொருத்தக்கூடாது.

சோதனை

செய்த கவ்வியை வண்டியில் பயன்படுத்துமுன் எளிய முறையில் சோதிக்கலாம். வண்டியை அசையாமல் நிறுத்தி, ஹேண்டில்பாரில் கவ்வியைப் பொருத்தி, அதில் ஒரு குச்சியைத் தண்டுக்குச் செங்குத்தாகவும் தரைக்கு இணையாகவும் கட்ட வேண்டும். தண்டின் அச்சிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் ஒரு லிட்டர் நீருள்ள பாட்டிலைத் தொங்கவிட்டால், கவ்வியின் மீது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் செயல்படும். இது மேற்கண்ட கணக்கில் பெற்ற அளவே ஆகும். முன்னதாகத் தண்டையும் கவ்வியையும் இணைத்து மையால் ஒரு கோடு வரைந்துகொள்ள வேண்டும். சில நிமிடங்களுக்குப் பின்னும் கோடு விலகாமல் இருந்தால் பிடிப்பு போதுமானது. தண்டை நனைத்து இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டுவைப்பது நல்லது. வண்டியை எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்தாலே கவ்வி நகர்ந்துள்ளதா என்பது தெரிந்துவிடும்.