தரையில் மாட்டிய கயிற்றைத் தரையில்தான் கழற்ற வேண்டும்

தாம்பரத்தைச் சுற்றி மாடம்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல், மண்ணிவாக்கம், படப்பை என எந்தப் பக்கம் போனாலும், வயல்கள் மனையாகிவிட்ட இடங்களில்கூட தென்னை மட்டும் மிஞ்சி நிற்கிறது. 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டினால், ஒரே மரத்தில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை ஆள் ஏற வேண்டும். மரம் ஏற ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், வந்தவரிடம் "கயிறு கொண்டு வந்தீர்களா?" என்று கேட்க மர உரிமையாளருக்குத் தயக்கம். உங்கள் தோப்பிலோ வீட்டு மரத்திலோ ஒருவர் ஏறும்போது அந்தத் தயக்கம் வேண்டாம்.

காலில் போடும் தளைக்கயிறு பாதத்துக்குப் பிடிமானம் தரும். வழுக்கினால் உடலைத் தாங்காது. மரம் ஏறும் கருவியும் அப்படித்தான். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியபோது, கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உருவான செம்பேரி ஜோசப் மாதிரிக் கருவி பரவலானது. பரம்பரையாக மரம் ஏறாதவர்களும், பெண்களும் சில நாள் பயிற்சியில் ஏறக் கற்றார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கருவியில் உட்கார இருக்கையும் உண்டு. எந்தக் கருவியானாலும், ஏறுபவரின் உடலை மரத்தோடு இணைக்கும் தனிக் கயிறு ஒன்று கட்டாயம் வேண்டும்.

அந்தக் கயிற்றை இடுப்பு பெல்ட்டில் மட்டும் மாட்டுவது போதாது. விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். உடல் தலைகீழாகவும் புரளலாம். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் சரி. வாங்கும்போது ஐ.எஸ். 3521 என்ற தர எண்ணைப் பாருங்கள். ஒருமுறை ஆள் விழுந்து தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெயிலில் வெளுத்தது, தையல் பிரிந்தது எதுவும் ஆகாது.

கயிறு மரத்தைச் சுற்றி, இடுப்புக்கு மேலே, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். தொய்வு கூடினால் விழும் தூரம் கூடும், அதிர்ச்சியும் கூடும். தென்னை அடியில் பருத்து மேலே சிறுக்கும். தரையில் சரியாக இருந்த சுற்று பாதி உயரத்தில் தளர்ந்துவிடும். அங்கே நின்று இறுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அவசரத்தில் பலர் இதைச் செய்வதில்லை.

பெரிய ஆபத்து உச்சியில் இருக்கிறது. குலை மறிக்கிறதென்று கயிற்றைக் கழற்றிவிட்டு, மட்டையைப் பிடித்துக் கொண்டைக்குள் ஏறுவார்கள். பழுத்த மட்டை கையோடு வந்துவிடும். கயிற்றை மட்டையிலோ பாளையிலோ கட்டுவதும் வீண்தான். கொண்டைக்குக் கீழே தண்டைச் சுற்றியபடி நின்றே வெட்டுவது நல்லது. மேலே போயே ஆக வேண்டுமானால் இரண்டாவது கயிற்றை மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகே முதல் கயிற்றைக் கழற்ற வேண்டும். அரிவாள் வீசும் இடத்தில் கயிறு இருப்பதால், உள்ளே இரும்புக் கம்பி வைத்த கயிறு கிடைத்தால் அதையே வாங்கலாம்.

அமெரிக்காவில் மரத்தில் பரண் அமைத்து மான் வேட்டையாடுபவர்களுக்குச் சொல்லித்தரும் பாடமும் இதுவே. (நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை; பயிர்க் காவலுக்குப் பரண் கட்டுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.) பரணிலிருந்து தரைவரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் நகரும் முடிச்சோடு தங்கள் பெல்ட்டை இணைத்துக்கொள்வார்கள். கால் தரையை விட்டு எழும்முன் மாட்டி, இறங்கி நின்ற பிறகே கழற்றுவார்கள்.

மரத்தையும் பாருங்கள். சிவப்பு கூன்வண்டு தாக்கிய மரத்தில் துளைகளிலிருந்து செம்பழுப்புச் சாறு வடியும், மென்ற நார் தெரியும். உள்ளே கூடாகியிருக்கும், அதில் ஆளை ஏற்றவே வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தப் பகுதியை உலுக்கியது. அப்போது சாய்ந்த மரம் இன்னும் நின்றால், வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாசி பிடித்த தண்டு காய்ந்த பிறகே ஏறட்டும். மின்கம்பி அருகே மட்டையோ இரும்புக் கருவியோ தொடும்படி இருந்தால், மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் வேலையைத் தொடங்காதீர்கள். புறநகர் வீட்டு மனைகளில் இது அன்றாடத் தலைவலி.

கீழே ஒருவர் கைபேசியோடு கட்டாயம் நிற்க வேண்டும். ஆனால் காய் விழும் எல்லைக்கு வெளியே. கயிறு தாங்கி ஒருவர் அசைவின்றித் தொங்கினால், தொடைப் பட்டையின் அழுத்தத்தில் ரத்தம் காலில் தேங்கும். நினைவிருந்தால் கால்களை அசைக்கச் சொல்லுங்கள். கயிற்றில் ஒரு கண்ணி இருந்தால் அதில் மிதித்து நிற்கலாம். உடனே 108-க்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லிவிடுங்கள். நிமிடக்கணக்கில்தான் அவகாசம்.

மரம் ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. உங்களிடம் வழக்கமாக வரும் தொழிலாளி அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மீதத் தொகையை நீங்களே கட்டினாலும் தகும். விண்ணப்பம், பயிற்சி விவரங்களுக்கு வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ அணுகலாம்.