குப்பிக்குள் இருப்பது வைட்டமினா, ஹார்மோனா?

ஓணச் சந்தையை நம்பி ஏத்தன் வாழை வைத்திருப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் நிம்மதியில்லாத மாதங்கள். காய் திரளாத குலைக்குக் கேரள வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். திருவோணம் கழிந்துவிட்டால் கேட்கவே ஆள் வராது. அந்த நேரத்தில் உரக்கடையில் போய் நின்று, "காய் பெருக்கதுக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்பவரின் கையில் பெரும்பாலும் ஒரு குப்பி வந்து சேர்கிறது. பெயர் டானிக். மேலே பெருத்த வாழைக்குலையின் படம். கீழே பொடி எழுத்தில் வைட்டமின்கள், அமினோ அமிலங்கள், இயற்கை ஹார்மோன்கள் என்று ஒரு வரி. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி, அவ்வளவுதான் செய்முறை.

சிக்கல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. செடிக்கு வைட்டமினும் ஹார்மோனும் ஒன்றல்ல, சட்டத்துக்கும் ஒன்றல்ல. விளையில் தெளிக்கும் வைட்டமின் பெரும்பாலும் வீண் செலவு. ஹார்மோனோ மில்லிகிராம் கணக்கில் வேலை செய்யும் வீரியமான பொருள். அளவு தப்பினால் நன்மை செய்த அதே பொருள் பயிரைச் சாய்த்துவிடும். இரண்டையும் சேர்த்து 'சத்து' என்ற ஒரே சொல்லால் விற்பதுதான் நம் விவசாயிகளுக்குச் செய்யப்படும் பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

வைட்டமினை முதலில் பார்ப்போம். மனிதனுக்கு வைட்டமின் வெளியிலிருந்து வர வேண்டும். பச்சை இலையுள்ள செடிக்கு அந்தத் தேவை இல்லை, தனக்கு வேண்டிய பி1 வைட்டமினை அதுவே செய்துகொள்கிறது. பிறகு எப்படி இந்த நம்பிக்கை வந்தது? 1930களில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பானர் என்ற விஞ்ஞானி, செடியிலிருந்து துண்டித்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வேர்களுக்குப் பி1 தேவைப்படுவதைக் கண்டார். வேர் தனியாக இருக்கிறது, பி1 செய்து அனுப்ப இலை இல்லை, அதனால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் அதை எடுத்து, பி1 ஊற்றினால் பூ தட்டு அளவுக்குப் பெருக்கும் என்கிற மாதிரி எழுதின. தோட்டத்துச் செடிகளில் சோதித்தபோது பலன் தெரியவில்லை, பானரே அதை வெளியிட்டார். ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. செடிகளுக்கு வைட்டமின் உண்மையிலேயே தேவைப்படும் இடம் திசு வளர்ப்புக் கூடம். கண்ணாடிக் குடுவையில் வாழைக்கன்று உருவாகும்போது அது வளரும் கூழில் பி1 உள்ளிட்ட வைட்டமின்களும் சைட்டோகைனின் ஹார்மோனும் அளந்து சேர்க்கப்படுகின்றன. அந்தக் கன்று மண்ணில் இறங்கி இலை விட்ட பிறகு அதற்கு வேண்டியது சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போரானும் தண்ணீரும்தான்.

ஹார்மோன் அப்படியல்ல. ஜப்பானில் ஒரு பூஞ்சை தாக்கிய நெல் நாற்று மற்றவற்றைவிட விறுவிறுவென உயர்ந்து, தண்டு மெலிந்து, கதிர் பிடிக்காமல் சாயும். 1926இல் குரோசாவா என்ற ஆய்வாளர், பூஞ்சை வெளியிடும் ஒரு பொருளே அந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று காட்டினார். இன்று ஜிப்ரலிக் அமிலம் என்ற பெயரில் கடையில் கிடைப்பது அந்தக் குடும்பம். வேகமாக வளர்வதெல்லாம் நல்ல வளர்ச்சி அல்ல என்பதை அந்த நாற்றைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை.

நம் விளைகளுக்கு இன்னும் நெருக்கமானது 2,4-டி. வயலில் அகன்ற இலைக் களையைக் கொல்வதற்கு அடிக்கிறோமே, அதே பொருள்தான். மிகச் சிறிய அளவில் அது ஆக்சின் ஹார்மோனைப் போல வேலை செய்கிறது. பூவன் வாழையில் விதை விழாமல் இருக்கவும் குலையின் தரம் கூடவும், கடைசிச் சீப்பு விரிந்த பிறகு 25 பிபிஎம் அளவில் தெளிக்கலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. 25 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 25 மில்லிகிராம். பத்து லிட்டர் தெளிப்பானுக்குக் கால் கிராம். கடையில் கிடைக்கும் 58 சதவீதத் திரவத்தில் 10 மில்லி மூடி ஒன்றை அப்படியே ஊற்றினால் தெளிப்பானுக்குள் விழுவது ஏறக்குறைய ஆறு கிராம், அதாவது தேவைக்கு இருபது மடங்குக்கும் மேல். அந்த அளவில் அது ஹார்மோன் அல்ல, களைக்கொல்லி. காற்றில் பறந்தால் அடுத்த விளையின் மரச்சீனி, பயறு, முருங்கை எல்லாம் இலை சுருண்டுவிடும். பல்கலைக்கழகம் பரிந்துரைத்த பொருள்தானே என்ற தைரியத்தில் மூடிக் கணக்கில் இறங்கக் கூடாது. இந்த அளவை மூடியால் அளந்து எடுக்க முடியாது. தோட்டக்கலைத் துறை அலுவலரையோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

பேச்சிப்பாறை, குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு எத்திபான் பழக்கமான பெயர். பட்டையில் பூசினால் அது எத்திலீன் வாயுவை விடுகிறது. பால் வெட்டிய இடத்தில் பால்குழாயின் வாய் உறைந்து அடைபடுவதை அந்த வாயு தாமதப்படுத்துவதால் பால் கூடுதல் நேரம் வடிகிறது. அன்றைக்குச் சிரட்டை நிறையும். ஆனால் மரத்துக்குள் புதிதாகப் பால் சுரக்க அது போதிய இடைவெளி தருவதில்லை. அதனால்தான் வாரம் ஒருமுறை போன்ற குறைந்த வெட்டு முறைக்குத் துணையாக, 2.5 சதவீதக் கரைசலை, இடைவெளி விட்டுப் பயன்படுத்தச் சொல்கிறது ரப்பர் வாரியம். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டும் மரத்தில் விலை ஏறியிருக்கிறதே என்று எத்திபானையும் பூசினால், வெட்டுப்பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் அபாயம் கூடுகிறது. நம் மாவட்டத்தில் பரவலாக இருக்கும் ஆர்ஆர்ஐஐ 105 ரகம் இந்தப் பட்டைக் காய்ச்சலுக்கு எளிதில் ஆட்படுவது. குத்தகைக்கு மரம் எடுத்தவர் இரண்டு வருடப் பாலை ஆறு மாதத்தில் எடுத்துவிட்டுப் போனால், மீதிக் காலத்துக்கு நட்டம் மரத்தின் சொந்தக்காரருக்கு. எத்திபான் பூசலாமா, எத்தனை முறை, வெட்டு இடைவெளி எவ்வளவு என்பதைக் குத்தகை எழுத்திலேயே சேர்த்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

தென்னைக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை வேர் வழியாகக் கட்டிக் குரும்பை உதிர்வு குறைந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் வேர் வாடல் நோயை ஏதோ ஒரு குப்பி 'குணப்படுத்தும்' என்று விற்றால் அது பொய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் அந்த நோய்க்குத் தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. உரமும் பராமரிப்பும் மரத்தைச் சிலகாலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே.

இனி சட்டம். ஜிப்ரலிக் அமிலம், எத்திபான், பேக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகின்றன. மத்தியப் பதிவுக் குழுவின் பதிவு எண் இல்லாமல் விற்க முடியாது. குப்பியில் நிறமிட்ட சாய்சதுர எச்சரிக்கைச் சின்னமும், நஞ்சுமுறிவு பற்றிய குறிப்பும், உள்ளே தமிழில் விளக்கத்தாளும் இருக்க வேண்டும். வைட்டமின், கடற்பாசிச் சாறு, அமினோ அமிலம், ஹியூமிக் அமிலம் ஆகியவை வேறு வீட்டுப் பிள்ளைகள். 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் செய்த திருத்தம், இவற்றை உயிரி ஊக்கிகள் என்று வகைப்படுத்தி ஆணைக்குள் கொண்டுவந்தது. உயிரி ஊக்கியில் வளர்ச்சி ஊக்கி ஹார்மோன் இருக்கக் கூடாது, பூச்சிக்கொல்லி 0.01 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆக, ஒரே குப்பியில் 'வைட்டமினும் ஹார்மோனும்' என்று அச்சடித்து, பூச்சிக்கொல்லிப் பதிவு எண்ணும் இல்லாமல் இருந்தால், அந்த விளம்பர வரியே தன்மேல் புகார் எழுதிக்கொள்கிறது.

நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை ஒன்றிய வேளாண் அமைச்சர் 2025 ஜூலையில் சொன்னார். ஏறக்குறைய 30,000 உயிரி ஊக்கிகள் தணிக்கையில்லாமல் விற்கப்பட்டு வந்தன, கடந்த நான்கு ஆண்டுகளிலும் சுமார் 8,000 சந்தையில் இருந்தன, கண்டிப்பு வந்தபின் அது 650 அளவுக்குக் குறைந்தது என்றார். மீதி எல்லாம் எங்கே போயின என்று கேட்டால், கடைகளின் பின்னறைகளுக்கும் நம் வீட்டுத் திண்ணைகளுக்கும் என்றுதான் பதில் வரும். யூரியாவும் டிஏபியும் கேட்பவர் தலையில் டானிக்கையும் நானோ உரத்தையும் கட்டுவதைத் தடுக்கும்படி அதே மாதத்தில் மாநில முதல்வர்களுக்கு அவர் கடிதமும் எழுதினார். கும்பப்பூ நடவு நேரத்தில் யூரியாவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வேண்டாத குப்பியை வாங்க மறுப்பது உங்கள் உரிமை. மறுத்ததால் உரம் தரவில்லை என்றால், அது புகாருக்கு உரிய குற்றம்.

அச்சிட்டது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்பது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் கஞ்சா வளர்ப்பவர்களுக்கென்று 'பூச்சத்து' என்ற பெயரில் விற்கப்பட்ட சில குப்பிகளைக் கலிபோர்னியா வேளாண் துறை 2010களின் தொடக்கத்தில் நிறுத்திவைத்தது. உரம் என்ற பெயருக்குள் பேக்லோபியூட்ரசாலும் டேமினோசைடும் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தன. டேமினோசைடு, புற்றுநோய் அச்சத்தால் 1989இல் அந்நாட்டின் உணவுப் பயிர்களிலிருந்தே விலக்கப்பட்ட பொருள். புகைத்தவர்களுக்கும் தெரியாது, பலசமயம் வளர்த்தவர்களுக்கும் தெரியாது. இணையத்தில் உலவும் வைட்டமின், ஹார்மோன் செய்முறைகளில் பல அந்தக் கஞ்சா வளர்ப்பிலிருந்து வந்தவை. இங்கே அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். மலையடிவாரத்தில் நிலத்தைப் பாட்டத்துக்கு விட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தன் நிலத்தில் கஞ்சா பயிராவது தெரிந்தும் உடனே தகவல் சொல்லாத நிலக்காரரும் அதே சட்டத்தின் 46ஆம் பிரிவில் குற்றவாளி ஆகிறார்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் கையில் இருக்க வேண்டிய முதல் ஆயுதம் ரசீது. உர விற்பனையாளர் ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது தர வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கட்டளை. துண்டுச்சீட்டில் தொகை மட்டும் கிறுக்கித் தந்தால் ஏற்காதீர்கள். பொருளின் பெயர், தொகுதி எண், தேதி எல்லாம் வேண்டும். தெளிக்கும்போது விளையின் ஒரு ஓரத்தில் பத்து வாழை மூடுகளைத் தெளிக்காமல் விட்டுவையுங்கள். டானிக் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அது உங்களுக்குக் காட்டும். கெடுதல் நேர்ந்தால் வாய்பேசாத சாட்சியாகவும் அதுவே நிற்கும். குப்பியில் கொஞ்சம் மிச்சம் வைத்து மூடி, இலையையும் குலையையும் தேதியோடு படம் எடுத்து, வேளாண் உதவி அலுவலரையோ தோட்டக்கலை அலுவலரையோ விளைக்கு வந்து பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். நாகர்கோவிலில் உள்ள வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், கடையில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவின் நகலைப் பதிவு செய்யுங்கள். எண் போட்ட மனுவை அலட்சியம் செய்வது கடினம்.

நட்டஈடு வேண்டுமென்றால் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'விவசாயி வியாபாரத்துக்காக வாங்கினார், அவர் நுகர்வோர் இல்லை' என்று கம்பெனிகள் சொல்லிவந்த வாதத்தை, தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் போய்ப் பரிசோதனைக்கு மாதிரி எங்கே என்று கேட்பது பொருந்தாது என்ற கருத்தும் அதில் நிலைபெற்றது. டானிக் வழக்கிலும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்பவரும் வாங்கியவர் என்ற முறையில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. கெடுதல் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வழி தெரியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

தெளிப்பவரின் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். டானிக்தானே, சத்துதானே என்று வெறுங்கையால் கலக்கி, வாயில் பீடியோடு தெளிக்கிறார்கள். எத்திபான் கடும் அமிலம், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வேலைக்கு ஆள் வைப்பவர் அவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். தலைசுற்றலோ வாந்தியோ கண்ணெரிச்சலோ வந்தால் 108ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்தக் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.