உட்சக்கரம் எழ வேண்டும்

வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரமே போதும். சாலையில் ஓடும் கார்களில் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இருக்கிறது. பந்தய கோ-கார்ட்டில் அது இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று எவ்வளவு சுற்றுகிறதோ மற்றதும் அவ்வளவே சுற்றும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. இந்த அமைப்பைப் பார்த்தால் நேராக ஓட மட்டுமே செய்த வண்டி என்று தோன்றும். ஆனால் வளைவுகளில் கார்ட்டைப் போல வெடுக்கென்று திரும்பும் நான்கு சக்கர வண்டிகள் மிகக் குறைவு.

திரும்பும் நேரத்தில் அதன் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எழ வேண்டுமென்பதில்லை. அதன் மேலிருக்கும் பாரம் நீங்கினால் போதும். அந்தச் சில நொடிகளுக்குக் கார்ட் மூன்று சக்கரத்தில் ஓடுகிறது. பின்னால் ஒரே சக்கரம்தான் தரையைப் பிடித்திருப்பதால் இரண்டுக்கும் இடையே இழுபறி இல்லை.

அந்தச் சக்கரத்தைத் தூக்குவது ஸ்டீயரிங். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு செங்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உட்பக்க முன்சக்கரம் கீழே இறங்கும், வெளிப்பக்க முன்சக்கரம் மேலே ஏறும். கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் துண்டை வைத்தால் பாரம் அந்தக் காலுக்கும் அதன் எதிர்மூலைக் காலுக்கும் போய்விட, மற்றொரு கால் அந்தரத்தில் நிற்கும் அல்லவா, அதே கணக்குதான். வேகத்தில் பாரம் வெளிப்பக்கம் சாய்வதும் இதோடு சேர்ந்துகொள்ள, உட்பக்கப் பின்சக்கரம் எழுகிறது.

சேசிஸும் இதற்கு ஒத்துழைக்கிறது. சுமார் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த அந்தச் சட்டம், தேவையான அளவு முறுக்கிக்கொடுக்கும்படியே செய்யப்படுகிறது. ஸ்பிரிங் இல்லாத வண்டியில் சட்டமேதான் ஸ்பிரிங். இருக்கையும் அதில் ஒரு பாகம். அதை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளிப் பொருத்தினால் வண்டியின் குணமே மாறிவிடும். பின் ஆக்சில்கூட மென்மையானது, நடுத்தரமானது, கடினமானது என்று பல வகைகளில் கிடைக்கிறது.

பந்தய கார்ட் ஓட்டக் கற்பது என்றால், என்னைப் பொறுத்தவரை, அந்த உட்சக்கரத்தைச் சரியான இடத்தில் எழுப்பிச் சரியான இடத்தில் இறக்கக் கற்பதுதான். ஸ்டீயரிங்கை மிக மெதுவாகத் திருப்பினால் சக்கரம் எழாது; வண்டி திரும்ப மறுத்து முன்பக்கம் வழுக்கும், இன்ஜின் திணறும். வெடுக்கென்று அளவுக்கு மீறித் திருப்பினால் பின்பக்கம் சறுக்கும். வளைவு முடியும்போது ஸ்டீயரிங்கைச் சீக்கிரம் நேராக்கிக் கையைத் தளர்த்தாவிட்டால், சக்கரம் தரைக்கு வர நேரமாகி, இன்ஜினின் முழு இழுவையும் கிடைக்காமல் போகும். சறுக்கிக்கொண்டு திரும்புவது பார்க்க அழகாக இருக்கும். லேப் டைம் கூடியிருக்கும்.

இந்த வண்டி பிறந்தது அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், 1956இல். கர்டிஸ் கிராஃப்ட் என்ற பந்தயக் கார் நிறுவனத்தில் வேலை செய்த ஆர்ட் இங்கெல்ஸ், நண்பர் லூ பொரெல்லியுடன் சேர்ந்து, புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு சிறிய இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தினார். பாசடீனாவில் ரோஸ் போல் விளையாட்டரங்கின் கார் நிறுத்துமிடத்தில் அதை ஓட்டிக் காட்டியதும் மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது ஐரோப்பாவுக்குப் போனது. இத்தாலியர்கள் அதைத் தங்கள் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1964இல் ரோம் நகரில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பை வென்றவர் இத்தாலியரான குய்டோ சாலா. மூன்று முறை ஃபார்முலா ஒன் சாம்பியனான அயர்டன் சென்னா, கார்ட் உலகப் பட்டத்தை ஒருபோதும் வெல்லவில்லை. 1979இலும் 1980இலும் இரண்டாம் இடம்தான். எந்தப் போட்டியாளருடன் மோதியது அதிக நிறைவு தந்தது என்று 1993இல் நிருபர்கள் கேட்டபோது, அவர் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் எவரையும் குறிப்பிடவில்லை. தன் கார்ட் நாட்களின் டெர்ரி ஃபுல்லர்டனைச் சொன்னார். கார்ட் பந்தயத்தைக் குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் கார்ட்டுக்கு முந்தியது. சோழவரத்து விமான ஓடுதளத்திலும் பிறகு ஸ்ரீபெரும்புதூர் டிராக்கிலும் வளர்ந்த தலைமுறைக்குச் சிறுவயதில் ஏறிப் பழக நல்ல கார்ட் டிராக்குகள் இல்லை. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோவை நரேன் கார்த்திகேயன் தொடங்கியது, மாருதி இன்ஜின் பூட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில். அந்தக் கார்களை வடிவமைத்தவர் கரிவரதன். செட்டிபாளையத்தில் உள்ள டிராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இன்று நிலைமை வேறு. அந்த டிராக்கில் கார்ட் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கார்ட்டுக்கென்றே கட்டிய டிராக் இருக்கிறது. நாட்டின் மோட்டார் பந்தயங்களுக்கான அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அலுவலகம் இருப்பதும் சென்னையில்தான். ஆசை உள்ளவர்கள் ஐரோப்பாவைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் கார்ட் வாங்கிவிடாதீர்கள். முதலில் வாடகை கார்ட். பெரும்பாலானவற்றில் புல்வெட்டி, ஜெனரேட்டர் ஆகியவற்றுக்குப் பயன்படும் வகை நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்தான் இருக்கும். சுமார் ஆறு முதல் ஒன்பது குதிரைத்திறன். சுற்றிலும் பம்பர் கட்டிய கனமான வண்டி. திறன் குறைவு என்பதே அதன் பெரிய நன்மை. வளைவில் வேகத்தைத் தொலைத்தால் அதை மீட்டுத் தர இன்ஜினில் வலு இல்லை. அடுத்த நேர்ச்சாலை முழுவதும் அந்தத் தவறு உங்களோடு வரும். அதனால் தவறு எங்கே நடந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

கார்ட்டில் வலது கால் ஆக்சிலரேட்டர், இடது கால் பிரேக். ஆரம்ப வகுப்புகளின் கார்ட்டுகளில் பிரேக் பின் ஆக்சிலுக்கு மட்டும்தான். திரும்பிக்கொண்டே பலமாக மிதித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி ஸ்பின் ஆகும். வண்டி நேராக இருக்கும்போதே அழுத்தி மிதித்து, திரும்பத் தொடங்கும்போது காலைத் தளர்த்த வேண்டும். பிறகு பாதை: டிராக்கின் வெளி விளிம்பிலிருந்து நுழைந்து, உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளி விளிம்புக்குப் போக விட வேண்டும். உள் விளிம்பைத் தொடும் இடத்துக்கு ஏபெக்ஸ் என்று பெயர். புதியவர்கள் அனைவரும் அதை அவசரப்பட்டுச் சீக்கிரம் தொட்டுவிடுவார்கள். வெளியே வரும்போது இடம் போதாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க நேரும். சற்றுத் தாமதமாகத் தொடுங்கள். நுழையும்போது மெதுவாகப் போவதுபோலத் தோன்றும், வெளியேறும்போது வேகம் கூடியிருக்கும். நீண்ட நேர்ச்சாலைக்கு முந்தைய வளைவுதான் அந்த டிராக்கின் முக்கியமான வளைவு. உங்கள் உழைப்பை முதலில் அங்கே கொட்டுங்கள்.

கண் எப்போதும் அடுத்த இலக்கில் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போதே ஏபெக்ஸையும், ஏபெக்ஸை நெருங்கும்போதே வெளியேறும் இடத்தையும் பார்க்க வேண்டும். கை கண்ணைத் தொடர்ந்து போகும்.

வாடகை வண்டிகள் ஒன்றுபோல் ஓடாது. ஆகவே நண்பரின் நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். உங்கள் லேப்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். மிக வேகமான ஒரே ஒரு லேப் அடிப்பவரைவிட, பத்து லேப்களையும் சில பத்தில் ஒரு நொடி வித்தியாசத்துக்குள் ஓட்டுபவரே பந்தயத்துக்குத் தயாரானவர்.

அந்த நிலை வந்த பிறகு பந்தய கார்ட்டில் ஏறினால், இதுவரை ஓட்டியது வேறு வண்டியோ என்று தோன்றும். உலகெங்கும், இந்தியாவிலும், பரவலாக ஓடுவது ரோட்டாக்ஸ் மேக்ஸ் வகுப்பு. 125 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் இன்ஜின். சீனியர் வகுப்பில் சுமார் 30 குதிரைத்திறன். ஓட்டுநரோடு சேர்த்து மொத்த எடை ஏறத்தாழ 160 கிலோ. பழைய மாருதி 800 காரின் இன்ஜின் இதைவிடச் சற்றே கூடுதலான திறனோடு, ஆளில்லாமலே அறுநூறு கிலோவுக்கு மேல் இழுத்தது. இந்த வகுப்பின் இன்ஜின்களுக்கு முத்திரையிடப்பட்டிருக்கும். அங்கீகாரம் பெற்ற பட்டறை தவிர யாரும் திறக்கக் கூடாது. பணக்காரர் மட்டும் சிறப்பு இன்ஜின் செய்து வெல்வதைத் தடுக்க எடுத்த நல்ல முடிவு இது. எட்டு வயதுச் சிறுவர்களுக்கும் தனி வகுப்பு உண்டு, ஜூனியருக்கும் உண்டு. நாற்பதில் தொடங்கும் ஒருவர் சீனியர் வகுப்பில் இளைஞர்களோடு ஓட வேண்டியிருக்கலாம் என்பது உண்மை. அது தொடங்காமல் இருப்பதற்கான காரணம் ஆகாது.

உடம்பு முதலில் எதிர்ப்புத் தெரிவிக்கும். ஒட்டும் டயர்களோடு வளைவில் உடல் எடையைப் போல் இரண்டு மடங்கு விசை பக்கவாட்டில் அழுத்தும். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் முன்கைகள் கடுத்துப்போகும். இருக்கையின் விளிம்பு விலாவில் மோதும்; விலா எலும்பு விரிசல் இந்த விளையாட்டின் சகஜமான காயம். எனவே விலாக்காப்புக் கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுமுக ஹெல்மெட், உராய்வைத் தாங்கும் கார்ட் உடை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி எல்லாம் முதல் நாளே வேண்டும். சீட் பெல்ட் மட்டும் கிடையாது. கூரைச் சட்டம் இல்லாத வண்டி கவிழ்ந்தால், அதோடு கட்டுண்டு கிடப்பதைவிட வெளியே தூக்கி எறியப்படுவதே ஆபத்துக் குறைவு.

சொந்தக் கார்ட் வாங்கும் கட்டத்தில் என் யோசனை ஒன்றே: பழையது வாங்குங்கள். வாங்குமுன் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். தரையில் தேய்ந்து குழாய்களின் அடிப்புறம் தட்டையாகியிருந்தால் சட்டம் வலுவிழந்திருக்கும். பற்றவைத்த இடங்களில் விரிசல் தேடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ஆக்சில் ஆடுகிறதா என்று கவனியுங்கள். சேசிஸில் மிச்சப்படுத்திய பணம் டயருக்கும் டிராக் கட்டணத்துக்கும் போகட்டும். செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை. டயர், செயின், பிரேக் பேட், இன்ஜின் சர்வீஸ் என்று தொடரும். ரோட்டாக்ஸ் வகை இன்ஜினை ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். வண்டி வைத்துப் பராமரிக்க வசதியில்லாதவர்கள், கார்ட், மெக்கானிக் எல்லாவற்றையும் தரும் அணியிடம் பந்தயத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்தி ஓட்டலாம். நகரத்து அடுக்குமாடியில் வசிப்பவருக்கு இதுவே நல்ல வழி.

சொந்த வண்டி இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலிலேயே கலந்து போகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டை வானிலையைப் பார்த்து மாற்ற வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும், பெட்ரோலும் குறைவாகத் தேவைப்படும். காலையில் சரியாக ஓடிய இன்ஜின் பகலில் மந்தமாகும். அதற்காக அளவு மீறி ஜெட்டைச் சிறிதாக்கினால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறி, இன்ஜின் சீஸ் ஆகிவிடும். டயர்க் காற்று சூட்டில் விரிவதால், ஓடி முடிக்கும்போது எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தொடக்கத்தில் குறைவாக வைப்பார்கள். பின் ஸ்ப்ராக்கெட்டில் பற்களைக் கூட்டினால் வளைவிலிருந்து எழும்பும் வேகம் கூடும், நேர்ச்சாலையின் உச்ச வேகம் குறையும். இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போகும்.

மழையில் கணக்கெல்லாம் தலைகீழ். வழக்கமான பாதையில் படிந்த ரப்பர் ஈரத்தில் வழுக்கும். அதை விட்டு விலகி, வளைவின் வெளிப்பக்கமாகப் போய்ப் பிடிப்பைத் தேட வேண்டும். பிடிப்புக் குறைந்தால் உட்சக்கரமும் எளிதில் எழாது. அதனால் முன்சக்கரங்களை அகலப்படுத்திப் பின்சக்கரங்களை நெருக்குவார்கள். கற்றுக்கொள்ள மழை நாளைப் போல நல்ல நாள் கிடையாது. டிராக் திறந்திருந்தால் போங்கள்.

பந்தயத்தில் இறங்க எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமமும் மருத்துவச் சான்றும் தேவை. கொடிகளைத் தூக்கத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது, நீலம் காட்டினால் ஒரு லேப் முன்னிலையில் இருப்பவருக்கு வழிவிட வேண்டும், சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். ரோட்டாக்ஸ் வகுப்புகளில் தொடக்கம் பெரும்பாலும் ஓட்டத்திலேயே நடக்கும். இரண்டு வரிசையாக மெல்ல வரும் வண்டிகள், விளக்கு மாறியதும் பாயும். முதல் வளைவில் எல்லாரும் ஒரே இடத்தைக் கேட்பார்கள். அங்கே முன்வண்டியை இடித்து உங்கள் வண்டியின் மூக்குப் பகுதி பெயர்ந்தால் நேரத் தண்டனை கிடைக்கும். பந்தயம் முடிந்ததும் வண்டியோடும் ஹெல்மெட்டோடும் தராசில் ஏற வேண்டும். வகுப்பின் குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் வெற்றியும் போய்விடும். ஒல்லியானவர்கள் இருக்கையில் ஈயக் கட்டிகளைப் பூட்டிக்கொள்வது அதனால்தான்.

பிரிட்டனில் புதியவர்களுக்குக் கறுப்பு எண் பலகை கொடுத்து, வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அப்படி விதி இல்லாத இடத்திலும் முதல் பந்தயத்தைப் பின்னாலிருந்தே தொடங்குங்கள் என்பேன். முன்னே போகும் இருபது பேர் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், யாருடைய உட்சக்கரம் எந்த இடத்தில் எழுகிறது, எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.